கத்தியைக் கீழே வைத்த ரோசலின் சிஸ்டர்

“கொழந்த எப்பவாச்சும் கீழ வுழுந்துச்சுங்களா, சார்?”

ரோசலின் சிஸ்டர் இறந்துவிட்டார் என்று பக்கத்து வீட்டுக்காரர் ஞாயிறு பூசை முடிந்து வந்து சொன்னபோது, அவர் என்றோ என்னிடம் கேட்ட இந்தக் கேள்விதான் காதில் ஒலித்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில், நல்லம்பள்ளிக்கு அருகே எங்கள் ஊரில் அவர் நர்ஸாக இருந்தார். நான் தொடக்கப்பள்ளி ஆசிரியர். ஊரில் யாருக்குக் கட்டி வந்தாலும் கீறி மருந்து வைப்பவர் அவர்தான்.

என் மகள் செல்விக்கு ஒன்றரை வயதில் தீர்த்தமலையில் மொட்டை போட்டோம். பாதி வழித்ததும் நாவிதர் கையை எடுத்துவிட்டார். “இங்க மெத்துன்னு இருக்குதுங்க.”

“சீழ் கோத்திருக்குது. கீறி வுட்டா சரியாப்போவும்” என்றார் என் மாமியார்.

மறுநாள் சிஸ்டரிடம் போனோம். கொதிக்க வைத்த கத்தியோடு வந்தவர், வீக்கத்தின்மேல் இரண்டு விரல்களை வைத்துப் பார்த்தார். குழந்தை வீறிட்டாள், வீக்கம் இன்னும் புடைத்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டுத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“இல்லைங்க” என்றேன்.

“திட்டறதுக்குக் கேக்கல சார். நாடி மாதிரி துடிக்குது பாருங்க. சீழ்க்கட்டி இப்பிடித் துடிக்காது.”

சொல்லிவிட்டேன். செல்வி ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது, ஒரு கையில் அவளும் மறுகையில் சைக்கிளுமாக வந்து சறுக்கி விழுந்தேன். அவள் தலை கல்லில் பட்டது. வீங்கி, சில நாளில் வற்றிவிட்டது.

“கட்டில் கால்ல முட்டிக்கிட்டான்னு சொன்னீங்களே!” என்று கத்தினாள் என் மனைவி.

“சண்டைய வூட்ல போயி வெச்சுக்கங்க. மொதல்ல மெட்ராஸ் பஸ்ஸப் புடிக்கணும்.” விடுப்பு எழுதிவைத்து அவரும் கூடவே வந்தார்.

மண்டையோட்டில் அன்று விழுந்த விரிசல் மூடவில்லை என்றார் மருத்துவர். சுவர் வெடிப்பில் முளைத்த அரசங்கன்று வெடிப்பை அகலமாக்குமே, அதுபோல விரிசலில் சிக்கிய மூளையின் உறை, துடிப்புக்குத் துடிப்பு எலும்பை விலக்கியிருந்தது. குழந்தைகளுக்கு அபூர்வமாக வருவதாம். கீறியிருந்தால் கத்தி மூளையைத் தொட்டிருக்கும். அறுவை நடந்தது. செல்வி பிழைத்தாள்.

நான் பொய் சொல்கிறேன் என்று எப்படித் தெரிந்தது என்று சிஸ்டரிடம் கேட்க ஆசை. பார்க்கப் போனபோதெல்லாம் “பாப்பா எப்பிடி இருக்கு சார்?” என்று அவர் முந்திக்கொள்வார். பேச்சு செல்வியைப் பற்றியே போய்விடும். அந்தக் குரலை இன்னும் ஒரே ஒருமுறை கேட்டால் போதும் என்றிருக்கிறது. போய் வாருங்கள், சிஸ்டர்.

இதைப் படிப்பவர்களுக்கு: உங்கள் வீட்டுக் கைக்குழந்தை விழுந்து தலையில் அடிபட்டிருந்தால், வீக்கம் வற்றிய பிறகும் சில மாதங்களுக்கு அந்த இடத்தை மெல்லத் தடவிப் பாருங்கள், மெத்தென்று இருந்தால், விழுந்ததை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.