சவுக்குத் தோப்பில் ஒரு பச்சை

கடல் உயர்ந்தால் எந்த இடம் முழுகும் என்று, செயற்கைக்கோள் எடுத்த உயர அளவுகளை வைத்து வரைபடம் போட்டிருந்தேன். பாகூர் பக்கத்துக் கடலோர ஊர் ஒன்று அதில் முழுக்க நீலம். சவுக்குத் தோப்பு மட்டும் தப்பிக்கும் பச்சை. புயல் பாதுகாப்புக் கூடம் அங்கேதான் வரும் என்று ஊர்க்கூட்டத்தில் சொன்னேன்.

வேலையிலிருந்து நேரே வந்த ஒரு சித்தாள் எழுந்தார். முழங்கை வரை சிமெண்ட் காய்ந்திருந்தது. தோளில் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய். அதன் வாயைக் கட்டைவிரலால் அடைத்தபடியேதான் பேசினார்.

"தோப்பு மேடுன்னு யாரு சொன்னது?"

"சேட்டிலைட்மா."

"வா சார், அளந்துடலாம்."

குழாயின் ஒரு முனையோடு என்னைக் கடைசித் தெருவில் நிறுத்திவிட்டு, மறுமுனையோடு தோப்புக்குள் போனார். குழாயின் இரு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். அது என் முட்டியருகே நின்றது. அங்கே அவர் இடுப்பருகே. தோப்புதான் பள்ளம். செயற்கைக்கோள் பார்த்தது மரங்களின் உச்சியை. அதைத் தரையென்று நம்பியது நான்.

"இன்னா சார், வெள்ளம் வந்தா மரத்து மேலயா ஏறிக் குந்துறது? அழி அத."

அங்கேயே மடிக்கணினியைத் திறந்து பச்சையை அழித்தேன்.

"இப்ப ஊர்ல மேடே இல்லம்மா. ஊரையே காலி பண்ணச் சொல்லுவாங்க அரசாங்கத்துல."

"சொல்லுவாங்க, சொல்லுவாங்க. மேடு இல்லன்னா மேடு போடச் சொல்லு. மண்ணு வந்து எறங்கட்டும், மட்டம் நான் புடிக்கறேன்."

குழாயைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அத்தனை கோபத்திலும் அதிலிருந்து ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.