கார்ட்லெஸ் எப்படி என்று ஞானத்தைக் கேட்டேன்

போன வாரம் பாடியில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கடை வாசலில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். கடைக்குள்ளிருந்து ஒருத்தர் அட்டைப்பெட்டியும் கையுமாக என்னிடம் வந்தார். பெட்டியின் மேல் கார்ட்லெஸ் போன் படம்.

“பெரியவரே, உங்க ஊட்ல இது கீதா? நல்லா உழைக்குமா?”

நரைத்த தலையைப் பார்த்தால் நம் ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை... என்ன செய்வது?

“யாரை வேணா கேளுப்பா. ஆனா அந்தப் பொருள் அவங்களுக்கு எப்படி வந்துச்சுன்னு மொதல்ல கேளு. அவங்களே வாங்கினதா, யாராவது குடுத்ததா?”

“இன்னா பெரியவரே... போனைப் பத்திக் கேட்டா போலீஸ் விசாரணை பண்ணச் சொல்றீங்க!”

சிரித்துவிட்டுப் போய்விட்டார். விளக்கிச் சொல்வதற்குள் பஸ்ஸும் வந்துவிட்டது. அதனால் உங்களிடம் சொல்கிறேன். வாராவாரம் நான் சுற்றி வளைப்பதைப் பொறுத்துக்கொள்கிறவர்கள் நீங்கள்தானே!

நாலைந்து வருஷம் இருக்கும். ஆவடி ஃபேக்டரியில் ரிட்டயர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி பண்ணி, பருத்திப்பட்டில் ஏரிக்குப் பக்கமாக வீடு கட்டிக் குடிவந்திருந்தோம். நானும் என் மனைவி பிலோமினாவும் மட்டும்தான். ஒரே மகள் ஜெசிந்தா மஸ்கட்டில் நர்ஸ்.

போனுக்குப் பெயர் பதிந்துவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்த காலம் அது. கடைசியில் போன் வந்த அன்று, மணி அடிக்கும் என்று அதற்கு எதிரே நாற்காலி போட்டு இரண்டு பேரும் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தோம். யார் அடிப்பார்கள்? எங்கள் நம்பர் யாருக்குமே தெரியாதே!

மகளுக்கு நம்பரை எழுதிப் போட்டோம். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாது. அவர்களுக்கு அன்றுதான் லீவு. பத்தரை மணிக்கு மணி அடிக்கும். பிலோமினா ஒன்பது மணிக்கே தலை வாரிக்கொண்டு தயாராகிவிடுவாள். போனில் முகம் தெரியாது என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

அப்புறம் பாத்ரூமில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு போய்விட்டது. படுத்த படுக்கை.

கட்டிலிலிருந்து போனுக்குப் பதினோரு அடி. நான் எண்ணியிருக்கிறேன். அவளைத் தூக்கி நாற்காலியில் வைத்து இழுத்துக்கொண்டு போவதற்குள் மகளின் நேரம் பாதி கரைந்துவிடும். அறைக்கு ஒரு ஒயர் இழுத்துக் கொடுப்பதாகச் சொன்ன லைன்மேன் இன்று வருகிறேன், நாளை வருகிறேன் என்றே நாளைக் கடத்தினார்.

ஜெசிதான் சொன்னாள் — “ஒயரே இல்லாத போன் இருக்குப்பா. நான் வாங்கித் தர்றேன், அம்மா படுத்துக்கிட்டே பேசட்டும்.”

சரி. எதை வாங்குவது? எது நல்லது? கடைக்காரரைக் கேட்டால், தன் கடையில் இருப்பதெல்லாம் தங்கம் என்பார். எங்கள் தெருவில் யாரிடமும் அது கிடையாது. எனக்குத் தெரிந்து இருந்தது ஒரே ஒருவனிடம்தான். ஞானப்பிரகாசம்.

ஞானத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஃபேக்டரியில் நான் லேத்தில் கடைந்து அனுப்புகிற போல்ட்டை அளந்து பார்க்கிற இன்ஸ்பெக்‌ஷன்காரன் அவன். மயிரிழை கூடக்குறைய இருந்தாலும் சிவப்பு பெயின்ட் அடித்துத் தள்ளிவிடுவான். நான் செய்ததையே எத்தனை தடவை தள்ளியிருக்கிறான்! கேட்டால், “நீ ஃப்ரெண்டு மாமே. போல்ட்டு ஃப்ரெண்டு இல்ல” என்பான். ஃபோர்மேன் வந்து கெஞ்சினாலும் அசைய மாட்டான்.

அப்பேர்ப்பட்டவன் சொன்னால் அதற்கு மேல் சாட்சி வேண்டுமா?

அவன் வீட்டுக்குப் போனேன். டிவி மேல் கார்ட்லெஸ் உட்கார்ந்திருந்தது. மாப்பிள்ளை துபாயிலிருந்து கொண்டுவந்தது. பூவேலை செய்த வெள்ளைத் துணி போர்த்தி, ஏதோ மாதா சொரூபம் மாதிரி வைத்திருந்தார்கள்.

“எப்படிடா கீது?” என்றேன்.

“பஸ்ட் கிளாஸ் மாமே! கொல்லைல நின்னு பேசலாம், மாடிக்கு எடுத்துகினு போலாம். கண்ண மூடிகினு வாங்கு.”

துணியை விலக்கிக் கையில் எடுத்துப் பார்த்தேனா? இல்லை. ஞானம் பாஸ் பண்ணின பொருளை மறுபடி அளந்து பார்க்கிற வழக்கம் எங்கள் ஷாப்பில் எவனுக்கும் கிடையாது.

ஜெசி அனுப்பிய பணத்தில் அதே மாதிரி ஒன்றை வாங்கினேன். பழைய போனைப் பரணில் போட்டேன். பெட்டிக்குள் ஒரு புத்தகம் இருந்தது — எல்லாம் இங்கிலீஷ். நான் மூணாங்கிளாஸ். அதையும் பரணில் போட்டேன்.

பிலோமினாவுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. தலையணைக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வாள். மகள் பேசி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் காதிலேயே வைத்திருப்பாள்.

இரண்டு மாசம் போயிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை, பேச்சு வாக்கில் மகளிடம் கேட்டுவிட்டாள் — “கிறிஸ்மஸுக்கும் லீவு இல்லையா? என் சாவுக்குத்தான் வருவியா?”

இந்தக் கேள்விக்கு எந்தப் பெண் நிதானமாகப் பதில் சொல்வாள்? “இப்படியே பேசினீங்கன்னா நான் இனிமே போனே போட மாட்டேன்” என்று வைத்துவிட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை எங்கள் பக்கம் கரண்ட் இல்லை. மாசத்துக்கு ஒரு நாள் ரிப்பேர் வேலைக்காகக் காலையில் நிறுத்திவிட்டு மத்தியானத்துக்கு மேல்தான் கொடுப்பார்கள். ஃபேன் ஓடவில்லை. பழைய காலண்டர் அட்டையால் அவளுக்கு விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போன் அவள் நெஞ்சு மேல் இருந்தது. அதில் சின்ன பச்சை விளக்குகூட எரிந்தது.

பத்தரை ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. பன்னிரண்டும் ஆயிற்று.

“சொன்ன மாதிரியே செஞ்சிட்டா, பாத்தீங்களா...” என்றாள்.

“அடுத்த வாரம் போடுவா, வுடு. ரோசம் உன்னாட்டமேதான?”

“என்னாட்டம் இருந்தா அடுத்த வாரமும் போட மாட்டா” என்று சிரிக்கப் பார்த்தாள். சாப்பிடவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

எங்கள் போனில் வெளிநாட்டுக்குப் பேச முடியாது. இரண்டு தெரு தள்ளி பூத் இருந்தது. மகளின் ஹாஸ்டல் நம்பரும் என்னிடம் இருந்தது. போய் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பெற்றவளிடம் அப்படிப் பேசியவள், அவளே போடட்டும் என்று இருந்துவிட்டேன். ரோசம் அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும்தானா இருந்தது?

திங்கட்கிழமை காலையில் வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொண்டுபோனேன். பிலோமினா எழுந்திருக்கவில்லை.

மகள் வரும்வரை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். வந்தாள். அடக்கம் முடிந்தது. இரண்டு நாள் கழித்து அம்மாவின் புடவைகளை மடித்துக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல் கேட்டாள்.

“அந்த வெள்ளிக்கிழமை ஆறு தடவை போட்டேன்பா. ரிங் போய்ட்டே இருந்துச்சு, யாரும் எடுக்கல. அம்மாதான் எடுக்க வேணாம்னுட்டாங்களா? அவ்ளோ கோவமா எம்மேல?”

ஆறு தடவையா? எங்களுக்கு ஒரு தடவைகூட மணி கேட்கவில்லையே! அன்றைக்கு வழக்கத்துக்கு மாறாக என்ன இருந்தது? கரண்ட் இல்லை... அது ஒன்றுதான்.

“இரும்மா, வந்துட்றேன்” என்று சட்டையை மாட்டிக்கொண்டு ஞானம் வீட்டுக்குப் போனேன்.

“கரண்ட் இல்லாதப்ப அந்த போன் அடிக்குமாடா?”

அவன் முகம் செத்துப்போயிற்று. “அடிக்காதுபா. கீழ வெக்கிற பொட்டிக்கு கரண்டு வோணும்.”

“உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியும். எங்கூட்ல ரெண்டு தபா அப்டி ஆச்சு. பழைய போனையே எடுத்து உள் ரூம்ல மாட்டிகினேன். டிவி மேல கீறது சும்மா... பார்வைக்கு.”

“அப்புறம் ஏன்டா என்னாண்ட பஸ்ட் கிளாஸ்னே?”

“மாப்ள ஆசையா தூக்கினு வந்தாருபா. நான் ஒரு கொற சொல்லி, அது நாலு வாய் மாறி சம்மந்தி ஊட்டுக்குப் போனா, என் பொண்ணுதான் அங்க பேச்சு வாங்கணும். யாரு கேட்டாலும் அப்டியே சொல்லிச் சொல்லி... நீ கேட்டப்பவும் வாய் தானா சொல்லிட்ச்சி.”

“பொண்ணு கோவமா கீறான்னு நெனச்சிகினே போயிட்டாடா பிலோமினா!”

அவன் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். முப்பது வருஷம் ஒரு கோணல் போல்ட்டைப் பாஸ் பண்ணாத மனுஷன். மாப்பிள்ளை கொடுத்த பொருளுக்கு அவனிடம் சிவப்பு பெயின்ட் இல்லை.

இனி அவன் வாசலை மிதிப்பதில்லை என்று நினைத்துக்கொண்டுதான் வீடு வரை நடந்தேன்.

ஜெசி வாசற்படியிலேயே நின்றிருந்தாள். கண் வீங்கியிருந்தது. கையில் அந்த போன். அவள் சம்பாத்தியத்தில் அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்தது.

உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? அம்மாவுக்குக் கோபமில்லை என்று நிம்மதி வரும். தான் வாங்கிக் கொடுத்த போன்தான் அம்மாவையும் தன்னையும் பேசவிடாமல் செய்தது என்ற நினைப்பும் அவளுக்குக் கூடவே வரும். ஆயுசுக்கும் வரும்.

“அன்னைக்கு அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிகினு போயிருந்தேன்மா. ஊடு பூட்டியிருந்தது. கோவமா? வழியெல்லாம் உன் பேச்சுதான் பேசிகினு வந்தா.”

கையிலிருந்த போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இந்த போன் அம்மாவுக்கு நல்லா உபயோகமா இருந்துச்சாப்பா?”

“இன்னாமா இப்டி கேக்கற? இதாட்டம் ஒரு போன் கிடைக்காது!”

மஸ்கட்டிலிருந்து வந்த பிறகு முதல்தடவையாக அவள் கொஞ்சம் சிரித்தாள். அன்று சாயங்காலமே ஞானம் வீட்டுக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்தேன்.

ஜெசி இன்னும் மஸ்கட்டில்தான் இருக்கிறாள். இந்தப் பத்தி வருகிற புத்தகத்தை வாராவாரம் அவளுக்குத் தபாலில் அனுப்பிவிடுவேன். இந்த வாரத்துப் புத்தகத்தை மட்டும் அனுப்பப்போவதில்லை.