காலி சீட்டில் போட்ட பெல்ட்

பேயை நம்புகிறவன் இல்லை நான். மனுஷனையே நம்பமாட்டேன், பேயை எங்கே நம்புவது. முப்பத்தெட்டு வருஷமாகக் கார்களுக்கு ஒயரிங் வேலை பார்க்கிறேன். ஐந்தாவதோடு படிப்பு நின்றுபோச்சு. கதை கட்டத் தெரியாது. என் பட்டறையில், என் கைபட நடந்ததைத்தான் சொல்கிறேன். நம்பினால் நம்புங்கள்.

அன்று சாயங்காலம் 5:40. மருமகன் காரைக் கொண்டுவந்து நிறுத்தினான். ரெண்டு வாரத்துக்கு முன்பு புரோக்கரிடம் வாங்கிய பழைய வண்டி. என்னைக் கேட்காமல் வாங்கியது. அதனால் அதுவரை நான் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மாமா, பெல்ட் போடச் சொல்லி மணி அடிச்சிட்டே இருக்கு. பக்கத்து சீட்டுல ஆளே இல்லாதப்பவும் அடிக்குது."

"ஆள் இருந்தா?"

"உங்க பொண்ணு உக்காந்தா அவ பேச்சுல மணி எங்க கேக்குது." அவனே சிரித்துக்கொண்டான். "நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு அவளக் கூட்டிட்டு எங்க அக்கா வீட்டுக்குக் கிளம்பணும். ஏழு மணி நேர ஓட்டம். வயித்த அழுத்துதுன்னு அவ பெல்ட்டும் போட மாட்டேங்குறா. பேசாம அந்த மணியக் கட் பண்ணி விட்ருங்க மாமா."

மகளுக்கு அது ஏழாவது மாசம். எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான்.

அப்படியிருந்தும் சரி என்றேன். மணியை ஊமையாக்குவது எனக்குத் தண்ணி பட்ட பாடு. சீட்டுக்கு அடியில் பெல்ட் கொக்கியிலிருந்து ரெண்டு ஒயர் வரும். ரெண்டையும் சேர்த்து முறுக்கிவிட்டால், பெல்ட் போட்டாச்சு என்று வண்டி நினைத்துக்கொள்ளும். எத்தனையோ பேருக்குச் செய்து கொடுத்திருக்கிறேன். எதற்கு என்று ஒருத்தனையும் கேட்டதில்லை.

ஒரு மணி நேரத்தில் வருவதாகச் சொல்லி அவன் கடைத்தெருப் பக்கம் போனான்.

5:55. சாவியைத் திருப்பினேன்.

டிங்... டிங்... டிங்...

நொடிக்கு ஒன்று. பக்கத்து சீட்டில் ஒன்றுமில்லை. ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

ஆள் உட்கார்ந்தால் காட்டிக்கொடுக்கிற சென்சார் ஒன்று சீட்டுக்குள் இருக்கும். அதன் பிளக்கைப் பிடுங்கினேன். அத்தோடு மணி நின்றிருக்க வேண்டும்.

டிங்... டிங்...

6:10. சனியன், ஒயரையே முறுக்கிவிடலாம் என்று குப்புறப் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன்.

ஏற்கனவே முறுக்கியிருந்தது.

முறுக்கியிருந்தால் மணி அடிக்கவே முடியாது. அடித்துக்கொண்டிருந்தது. அதைவிட மோசம் ஒன்று உண்டு. நான் இடக்கைக்காரன். என் முறுக்கு எல்லோரும் முறுக்குவதற்கு எதிர்ப்பக்கம் சுற்றும். டேப் சூட்டில் இளகும் என்பதால் சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றி, நூலால் மூன்று கட்டுப் போடுவேன். இந்த ஊரில் வேறு எவனும் அப்படிக் கட்டுவதில்லை.

எதிர்ப்பக்க முறுக்கு. சைக்கிள் டியூப். மூன்று கட்டு.

என் கை வேலை.

இந்த வண்டியைத் தொட்டதாக எனக்கு ஞாபகமே இல்லை.

6:21. கட்டரால் அந்த முடிச்சை அறுத்தெடுத்தேன். மணி வேகமானது. டிங்டிங்டிங்... சாவியை உருவினேன். நிற்கவில்லை. பானெட்டைத் தூக்கிப் பேட்டரி ஒயரைக் கழற்றினேன்.

நிற்கவில்லை.

பேட்டரி இல்லாமல் அடிக்கிற மணியை நான் கண்டதில்லை. முதுகில் வேர்வை இறங்கியது. செய்ய மிச்சமிருந்தது ஒன்றுதான். பெல்ட்டை இழுத்துக் காலி சீட்டுக்குக் குறுக்கே மாட்டினேன்.

க்ளிக்.

மணி நின்றது. 6:31.

காலி சீட்டில் பெல்ட் போட்டால் அது சீட்டோடு படிந்து கிடக்கும்.

இது படியவில்லை.

மேலே, சீட்டைவிட்டு ஒரு சாண் தள்ளி நின்றது. கீழே... அதைவிட அதிகமாய் வளைந்து...

உள்ளங்கையை வைத்து அழுத்தினேன்.

அமுங்கவில்லை. இளஞ்சூடு.

அப்புறம்... உள்ளிருந்து...

ஒரு உதை.

சின்ன உதை. என் மனைவி இந்த மகளைச் சுமந்தபோது தொட்டுப் பார்த்திருக்கிறேன். இந்தக் கைக்கு அது தெரியும்.

மருமகன் திரும்பி வந்தபோது நான் தெருவில் நின்றுகொண்டிருந்தேன்.

"என்ன மாமா, இப்படி வேர்த்துக் கொட்டுது? மணி கட்டா?"

"அந்த வண்டில என் பொண்ணு ஏற மாட்டா. வாடகைக்கு வேற வண்டி எடு. பெல்ட் போடச் சொல்லு. வயித்து மேல இல்ல, வயித்துக்குக் கீழ, தொடையோட சேத்து."

"வயசானா பயமும் வந்துருமோ?"

"ஆமா. பயந்தான். போ."

மறுநாள் வேறு வண்டியில், நான் நின்று பெல்ட் மாட்டிவிட்ட பிறகே கிளம்பினார்கள். 11:15க்கு நான் புரோக்கரிடம் போனேன். வாயைத் திறந்தால் பொய் சொல்கிற ஆள். அன்று கேட்டதும் உண்மையைச் சொன்னான்.

"மூணு வருஷம் முன்னாடி ஆக்சிடென்ட் ஆன வண்டிதான் பெருசு. ஓட்டுனவன் தப்பிச்சுட்டான். பக்கத்துல அவன் பொண்டாட்டி. மாசமா இருந்துச்சு அந்தப் பொண்ணு. பெல்ட் போடல. மணி தொல்லையா இருக்குன்னு அதுக்கு மொத நாள்தான் ஏதோ ஒரு பட்டறைல கட் பண்ணிருக்கான்."

எந்தப் பட்டறை என்று நான் கேட்கவில்லை.

"சீட்டுக்கு அடியில இருக்கற ஒயரு... அது அந்தப் பழைய ஒயரா?" என்றேன்.

"அது எங்க இருக்கு? சீட்டு, பெல்ட்டு, அடில கெடந்த ஒயரு, அத்தனையையும் அறுத்துத்தான் அந்தப் பொண்ண வெளிய எடுத்தாங்க. இப்ப இருக்கறது பூராப் புதுசு. பெட்டியப் பிரிச்சு, நானே பக்கத்துல நின்னு மாட்ட வச்சேன். அதுக்கப்புறம் அந்த சீட்டுக்கு அடில எவனும் கை வைக்கல பெருசு."