காலேஜ் கேட்டில் நின்ற மாமன் சீர்

நடனசபாபதி என்கிற பேரை நான் முதன்முதலில் கேட்டது, என் தம்பி தங்கராசுக்குப் பெண் பார்க்க அண்ணாகிராமம் போன அன்றைக்கு. பெண் அமராவதி காப்பித் தட்டோடு வந்து நின்றாள். அவள் அம்மா உள்ளே பார்த்து, நடனசபாபதி, ஃபேனை இந்தப் பக்கம் திருப்பு என்றார். பேரைக் கேட்டதும் பெரிய ஆள் யாரோ என்று சேலையை இழுத்து விட்டுக்கொண்டேன். வந்தது பதினேழு வயசில் ஓணான் மாதிரி ஒருத்தர், அமராவதியின் தம்பி. "பேரு இவ்ளோ நீளம், சோறு மட்டும் கம்மியா போட்டுட்டீங்களா?" என்று கேட்டேன். கூடம் முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார்.

அன்றிலிருந்து அவரைக் கேலி பண்ணுவதை நான் விடவில்லை. எங்களில் அது முறைதான். நாத்தனார்க்காரி கேலி பண்ணுவாள், பெண் வீட்டுத் தம்பி கேட்டுக்கொள்வார். முகம் சுளித்தால் அவருக்குத்தான் குறைச்சல்.

தன் அப்பா செத்ததும் அவர் பத்தாவதோடு படிப்பை விட்டு லோடு வண்டிக்குக் கிளீனராகப் போனார். பிறகு டிரைவர் ஆனார். முந்திரி மூட்டை, பலாப்பழம், எது கிடைத்தாலும் ஓட்டுவார். அக்காவுக்குப் பொங்கல் வரிசை மட்டும் ஒரு வருஷம் தவறியதில்லை. கடலூர் முதுநகரில் தங்கராசு வீட்டோடுதான் நானும் இருக்கிறேன், அதனால் எல்லாம் என் கண்ணால் பார்த்தது.

தம்பி மகள் மோனிகா பெரியவளானபோது மாமன் சீர் கொண்டுவந்தார். தானே புயலில் மரமெல்லாம் சாய்ந்து அவர் ஊர் இன்னும் எழுந்திரிக்காத நேரம். அது எனக்குத் தெரியும். தெரிந்தும், தட்டு வாசலில் நுழையும்போது சத்தமாக எண்ணினேன். ஏழோடு நின்றுவிட்டது. "மாமன் பின்னாடி வர்றாரா, இல்ல இவ்ளோதானா?" என்றேன். பந்தல் சிரித்தது. அவர் அன்றைக்கும் சிரித்தார். ஆனால் சாப்பிடாமல் கிளம்பிவிட்டார்.

மோனிகா சிதம்பரத்தில் ஒரு காலேஜில் நர்சிங் படித்தாள். போன பங்குனியில் அங்கே சனி, ஞாயிறு இரண்டு நாளும் விழா. சனிக்கிழமை ஓட்டப்பந்தயம், கண்காட்சி. ஞாயிறு காலையில் பட்டம் கொடுப்பது, சாயந்திரம் ஆட்டம் பாட்டம். அவள் முன்கூட்டியே போய்த் தோழிகளோடு ஹாஸ்டலில் தங்கிவிட்டாள்.

நான் நடனசபாபதிக்குப் போன் போட்டேன். மருமகளுக்குப் பட்டம் குடுக்கறாங்க, மாமன் சீர் உண்டா, இந்தத் தடவையாவது ஏழைத் தாண்டுமா என்று கேட்டேன். "தாண்டும் அண்ணி" என்றார். வழக்கமான கேலி என்று போனை வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலேஜ் முழுக்கக் கார். ஒரு பிள்ளைக்கு மூன்று பாஸ். தங்கராசும் அமராவதியும் மண்டபத்துக்குள் போனார்கள். ஏ.சி. குளிர் எனக்கு ஆகாது, கேட்டை ஒட்டி உள்பக்கம் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டிருந்தார்கள், அங்கே உட்கார்ந்தேன். பக்கத்தில் நெய்வேலியிலிருந்து வந்த ஒரு அம்மா. பட்டுச்சேலை, மெதுவான பேச்சு. பையன் இன்ஜினியராம், பெண் தேடுகிறார்களாம். நான் அஞ்சாவது படித்தவள். அன்றைக்கு அந்த அம்மாவிடம் நல்ல தமிழாகப் பார்த்துப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தேன். மோனிகா போட்டோவைக்கூடக் காட்டிவிட்டேன்.

அப்போது மேளச் சத்தம் கேட்டது.

குட்டியானை லோடு வண்டி ஒன்று கேட்டுக்கு வெளியே நின்றது. பெண்கள் வரிசையாகத் தட்டு ஏந்தி இறங்கினார்கள். முன்னால் நடனசபாபதி, வேட்டி சட்டையில், தலையில் பலாப்பழத் தட்டோடு. இருபத்தொரு தட்டு இருக்கும். வாழைப்பழம், முந்திரி, சேலை. ஒரு தட்டில் பேனாக்கள். ஒரு தட்டில் நர்சு போடுகிற வெள்ளை ஷூ ஒரு ஜோடி, பூ சுற்றி.

"இது காலேஜா, கல்யாண மண்டபமா?" என்று நெய்வேலி அம்மா சிரித்தார். சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். பையன்கள் செல்போனைத் தூக்கி வீடியோ எடுத்தார்கள்.

வாட்ச்மேன் அவரை மறித்தார். நடனசபாபதி என்னைப் பார்த்துவிட்டார், முகமெல்லாம் மலர, "அதோ எங்க அண்ணி இருக்காங்க" என்று கை காட்டினார். வாட்ச்மேன் திரும்பி, "ஏம்மா, இவுங்க உங்க ஆளுங்களா?" என்று கேட்டார்.

நெய்வேலி அம்மா என்னைப் பார்த்தார்.

"இல்லைங்க. யாருன்னே தெரியாது" என்றேன்.

பத்தடி தூரம்கூட இல்லை. அவர் காதில் விழுந்தது. தலையிலிருந்த தட்டை இறக்கினார். பிறகு மேளத்தை நிறுத்தச் சொன்னார். "எடம் மாறி வந்துட்டோம் போலருக்கு சார்" என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு, தட்டுகளைத் தானே ஒவ்வொன்றாக வாங்கி வண்டியில் ஏற்றினார். என் பக்கம் அப்புறம் பார்க்கவில்லை. என் பேச்சு பொய்யாகக் கூடாது என்று அவர் தன்னை இடம் தவறி வந்தவராக்கிக்கொண்டார். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

மதியம் மோனிகா கறுப்பு அங்கியோடு ஓடிவந்தாள், கூட நாலைந்து தோழிகள். மாமா சீர் கொண்டுவருவதாக அவளுக்குப் போன் பண்ணியிருக்கிறார். அவள் வார்டனிடம் கேட்டு, ஹாஸ்டல் வராந்தாவில் தட்டு வைக்க இடம் வாங்கி, கோலம் போட்டு வைத்திருக்கிறாள். கேட்டில் சொல்லி வைக்க மட்டும் மறந்துவிட்டாளாம். அவளுக்குக் கேவலமாகப் போய்விடும் என்று நான் நினைத்தேனே, அந்தப் பிள்ளைகள் எல்லாரும் அந்தச் சீருக்காகக் காத்திருந்தார்கள்.

"அத்தை, மாமாவைப் பாத்தீங்களா?"

"வரலையேம்மா. லோடு ஏதாவது வந்திருக்கும்" என்றேன். அது இரண்டாவது பொய். மண்டபத்திலிருந்து வந்திருந்த அமராவதி தலையைக் குனிந்துகொண்டாள். தம்பி சொல்லிவிட்டு வராமல் போனானே என்று ஒரு வாரம் அவள் அவருக்குப் போன் பண்ணவில்லை. மோனிகா போனில் கேட்டபோதும் அவர் நடந்ததைச் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மோனிகா செல்போனை எடுத்துவந்து நடுவீட்டில் வைத்தாள். கேட்டில் பையன்கள் எடுத்த வீடியோ தோழி வழியாக வந்திருக்கிறது. தட்டு தெரிந்தது, அவர் தெரிந்தார், நாற்காலியில் நான் தெரிந்தேன். யாருன்னே தெரியாது என்கிற என் குரல் நன்றாகக் கேட்டது. தங்கராசு எழுந்து வெளியே போய்விட்டான். அமராவதி என்னைத் திட்டவில்லை. "என் தம்பி வந்து நின்னுருக்கான் அண்ணி" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் பஸ் பிடித்து அண்ணாகிராமம் போனேன். நடனசபாபதி நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். தப்பு பண்ணிட்டேன் தம்பி, மன்னிச்சுக்கங்க என்று கையைப் பிடித்தேன். கையை உதறாமல், மெதுவாக எடுத்துக்கொண்டார்.

"கேலி பண்ணீங்க, அது மொறை, கேட்டுக்கிட்டேன். தெரியாதுன்னு சொன்னீங்க பாருங்க, அது எந்த மொறையிலயும் இல்ல அண்ணி."

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். நான் சாப்பிடாமல் கிளம்பினேன். பஸ் வரும்வரை கூடவே வந்து நின்றார்.

அமராவதியும் மோனிகாவும் மாசம் ஒருதரம் அவர் வீட்டுக்குப் போய்வருகிறார்கள். என்னைக் கூப்பிடுவதில்லை, நானும் கேட்பதில்லை. நடனசபாபதி இப்போதும் அண்ணாகிராமத்தில்தான் இருக்கிறார், முந்திரி லோடு ஓட்டுகிறார். கடலூர் வழியாக வாரம் இரண்டு தடவை போகிறார். நான் இருக்கிற வீட்டுக்கு வருவதில்லை.