தமாரிஸ் பார்த்த விரிசல்

தமாரிஸின் வாய்க்குப் பயப்படாத மெக்கானிக் மக்காசார் விமானக் கொட்டகையில் கிடையாது. நான் அவள் ஊர்க்காரன் என்பதால் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கிடைக்கும்.

அந்த வாரம் உத்தரவு வந்தது: எங்கள் ரகச் சிறு விமானங்களில் வால் பலகையின் கீல்களைச் சோதிக்காமல் ஒன்றும் பறக்கக் கூடாது. விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்குவதே அந்தப் பலகைதான். சோதித்துக் கையெழுத்துப் போடும் உரிமை அப்போது தமாரிஸுக்கு மட்டுமே.

முதலில் நின்ற விமானத்தில்தான் மறுநாள் அவளும் உறவுக்காரர்களும் தோராஜா மலைக்குப் போவதாக இருந்தது. அவளுடைய அப்பாவின் சாவுச் சடங்கு. அவருக்கு மூச்சு நின்று இரண்டு வருஷம். ஆனால் சடங்கில் பலியிடும் முதல் எருமை விழும்வரை எங்கள் தோராஜா வழக்கப்படி அவர் நோயாளிதான். உடலை வீட்டிலேயே வைத்திருந்து தினம் காபி வைப்போம், வெளியே கிளம்பினால் சொல்லிக்கொண்டு கிளம்புவோம். மூச்சு நின்றபோது தமாரிஸ் பக்கத்தில் இல்லை. எருமை விழும்போதாவது இருக்க வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தாள்.

கீலின் தாங்கியில் சிவப்புச் சாயம் பூசித் துடைத்து, வெள்ளைப் பொடி அடித்தாள். விரிசலுக்குள் தங்கிய சாயம் மயிரிழையாய் ஒரு சிவப்புக் கோடாக எழுந்தது.

"இன்னொரு தடவை பாருக்கா," என்றேன்.

மறுபடியும் அதே கோடு.

"பறக்காது," என்றாள்.

உறவினர்கள் திட்டிக்கொண்டே பஸ் ஏறினார்கள். மேலாளர் அவளையும் போகச் சொன்னார், குரலில் தேன் வடிய.

"நான் அந்தப் பக்கம் போனதும் மிச்சத்தைப் பாக்காமலே பறக்க விட்டுடுவீங்க சார். உங்களை எனக்குத் தெரியாதா?"

அவள் தங்கிவிட்டாள்.

"ஒரு நாள் தள்ளிப்போடுண்ணே," என்று அண்ணன் சம்பேயிடம் போனில் கெஞ்சினாள்.

"எட்டு ஊரு சனம் வந்து உக்காந்திருக்கு. உன் போல்ட்டுக்காக அப்பா சாகாம இருப்பாரா?"

மறுநாள் அடுத்த விமானத்தின் வாலடியில் அவள் நின்றபோது சம்பேயிடமிருந்து போன் வந்தது. அவள் கையெல்லாம் சாயம். நான்தான் பிடித்துக்கொண்டேன்.

"தமா, எருமையைக் கொண்டாந்துட்டாங்க. போனை அப்பா தலைமாட்டுல வெக்கிறேன். சொல்றதைச் சீக்கிரம் சொல்லு."

"அப்பா... கீல்ல விரிசல்ப்பா. நம்ம சனம் எல்லாரும் அதுலதான் வர இருந்தாங்க. அதான் வர முடியல. கோவிச்சுக்காதீங்க."

அந்தப் பக்கம் கூட்டம் ஓவென்று இரைந்தது. பிறகு சம்பேயின் குரல் உடைந்து வந்தது.

"தமா, அப்பா செத்துட்டாரும்மா."