மேட்டுச் சாலைக்கு வராத கேபிள்

ஜானின் வொய்சீன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். மெய்ன் மாநிலத்தின் வட கோடியில், ஆற்றுக்கு அந்தப் பக்கம் கனடா தெரியும் சின்ன ஊர் அவளுடையது. கேபிள் டிவி ஊருக்குள் வந்து பத்து வருடமாகியும் அவள் வீடிருந்த மேட்டுச் சாலைக்கு மட்டும் வரவில்லை. அங்கே வீடுகள் தள்ளித் தள்ளி இருந்தன. கம்பி இழுத்தால் கட்டுப்படியாகாது என்று கம்பெனி கைவிரித்துவிட்டது.

கம்பெனியின் பத்து வருட உரிமம் முடியப்போகிற சமயத்தில், அதைப் பற்றிக் கேட்க ஊர் அலுவலகத்துக்குப் போனாள். ஊர்த் தெருக்களில் கம்பம் நட்டுக் கம்பி இழுக்க அனுமதி கொடுப்பது ஊர்தான். புதுப்பிக்கும்போது நிபந்தனை போடுவதும் ஊர்தான். அதற்கென்று ஐந்து பேர் குழு ஒன்று இருந்தது. ஒரு நாற்காலி காலி.

"புகார் சொல்ல வந்தவளையே உள்ள உக்கார வெச்சுட்டா எனக்கு ஒரு புகார் குறையும்," என்றான் ஊர் மேலாளர் கிளேட்டன். சிரித்துக்கொண்டேதான் சொன்னான், ஆனால் மறுவாரமே அவளை நியமித்துவிட்டான்.

குளிர்காலம் முழுக்கப் பேச்சுவார்த்தை நடந்தது. கம்பெனி சார்பில் வந்த ஹாஸ்கெல் மரியாதையான மனிதர். பனியில் நான்கு மணி நேரம் கார் ஓட்டி வருவார், யாரையும் குறுக்கே பேசி அடக்க மாட்டார். கடைசியில் அவர் சொன்னது இவ்வளவுதான்: மேட்டுச் சாலைக்குக் கம்பி இழுக்கலாம், அல்லது ஊருக்கென்று இருக்கிற சானலைத் தொடர்ந்து நடத்தித் தரலாம். இரண்டும் முடியாது.

அந்தச் சானல் உயர்நிலைப் பள்ளியின் கீழ்த்தள அறையில் ஒரு கேமராவோடு நடந்தது. ஊர்க்கூட்டம், பள்ளிக் கூடைப்பந்து, ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசை. ஜானின் அதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அவள் வீட்டில்தான் வராதே.

பொது விசாரணையன்று கூடம் நிறைந்திருந்தது. ஹார்டுவேர் கடைக்கார லியோனெல் பின்வரிசையிலிருந்து குரல் கொடுத்தான்: "ஜானின், புதுக் கம்பி உன் வீட்டு வாசலோட நின்னுடுமா, இல்ல அடுப்படி வரைக்கும் வருமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், ஆனால் காது சூடாகிவிட்டது.

பிறகு அர்மான் எழுந்தார். ஆக்சிஜன் சிலிண்டரைச் சக்கர வண்டியில் இழுத்துக்கொண்டு வந்திருந்தார். "எனக்கு சர்ச் படியேற முடியல. பூசையை டிவிலதான் பாக்குறேன்," என்றார். மூச்சு வாங்கிக்கொண்டார். "பொய் எதுக்கு? பூசையை இல்ல. யாரு வந்திருக்காங்க, யாரு கூட யாரு உக்காந்திருக்காங்கன்னுதான் பாக்குறேன். அது இல்லன்னா இந்த ஊர்ல நான் இருக்கேன்னு எனக்கே தெரியாது."

வாக்கெடுப்பில் இரண்டுக்கு இரண்டு. எல்லோரும் ஜானினைப் பார்த்தார்கள். சானலுக்குக் கை தூக்கினாள். கூடவே, மேட்டுச் சாலையில் வீடுகள் கூடினால் கம்பி வந்தாக வேண்டும் என்று ஒரு நிபந்தனை கேட்டாள். ஹாஸ்கெல் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

மறுநாள் அவள் புருஷன் ஜெரார் உருளைக்கிழங்குக் கிடங்கில் விஷயத்தைக் கேள்விப்பட்டு வந்தான். பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை.

"நம்ம ரோட்டுக்காகத்தானே அந்தக் குழுவுக்குப் போன?"

"அதுக்காகத்தான் போனேன்."

"அப்புறம்?"

"அங்க போய் உக்காந்தப்புறம் ஊரு பெரிசா தெரிஞ்சுது, ஜெரார்."

"ஹாக்கி பாக்க இன்னும் பத்து வருஷம் எங்க அக்கா வீட்டுக்குப் போகணும். அவ நாயோட ஒரே சோபாவுல." ராத்திரி பீன்ஸை அவனே சூடு பண்ணிச் சாப்பிட்டான்.

அக்கம்பக்கத்தார்தான் அதிக நாள் முறைத்தார்கள். காலையில் பேருந்தில் பிள்ளையை ஏற்றிவிட வரும் ரீட்டா அந்த வசந்தம் முழுக்க ஜானினுக்குக் கையசைக்கவில்லை. ஜானின் வழக்கம்போல அசைத்துவிட்டுக் கதவை மூடினாள். கோபப்பட அவர்களுக்கு நியாயம் இருக்கிறது என்றுதான் நினைத்தாள்.

சில வருடம் கழித்து மேட்டின் அடிவாரத்தில் யாரோ நிலத்தைப் பிரித்து விற்க, புது வீடுகள் எழும்பின. நிபந்தனைப்படி கம்பெனி வண்டி வந்தது. கம்பி ரீட்டா வீடு வரை ஏறி, அதற்கு மேலே வீடுகள் கூடாததால் அதோடு நின்றுவிட்டது. ஜானின் வீட்டுக்கு இன்னும் அரை மைல்.

அன்று சாயங்காலம் ரீட்டா போன் செய்தாள். "ஜெராரை அனுப்பு. என் வீட்ல நாய் கிடையாது."

ஜெரார் ஹாக்கி பார்க்கப் போனான். ஆட்டத்துக்கு முன்னால் ரீட்டா ஊர்ச் சானலுக்குத் திருப்ப, ஜானின் இன்னும் உட்காரும் கேபிள் குழுக் கூட்டத்தின் மறு ஒளிபரப்பு ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி வந்தவன் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுச் சொன்னான்: "உன்னைப் பாத்தேன். பின்னந்தலையில முடி தூக்கிக்கிட்டு நிக்குது."

"பேசினது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு," என்றான். "நல்லாத்தான் பேசுற."