அவசரக்கார அங்கிள்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, உலகத்திலேயே கெட்டிக்காரர் யார் என்று யாராவது கேட்டிருந்தால், கொஞ்சமும் யோசிக்காமல் என் பெரியம்மாவைத்தான் சொல்லியிருப்பேன். பெரியம்மா லிட்டில் இந்தியாவில் ஒரு சந்துக்குள் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். பெரியப்பா லாரியில் சரக்குக் கொண்டுபோய்ப் போடுகிறவர், பகலில் கடைப்பக்கம் வரவே மாட்டார். கடை முழுக்கப் பெரியம்மாவின் ராஜ்யம். அந்த ஜூன் விடுமுறையில் அம்மாவுக்கு மருத்துவமனையில் பகல் ஷிப்ட் விழுந்தது. செங்காங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்கு அடுத்த புளோக்கில்தான் பெரியம்மா இருந்தார். தினமும் காலையில் என்னையும் எம்ஆர்டி ரயிலில் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார்.

ஹார்டுவேர் கடைக்கு யாரும் சந்தோஷமாக வருவதில்லை என்பதை இரண்டே நாளில் நான் கண்டுபிடித்துவிட்டேன். துணிக்கடைக்கும் நகைக்கடைக்கும் வருகிறவர்கள் சிரித்துக்கொண்டு வருவார்கள். இங்கே வருகிறவர்களுக்கு வீட்டில் ஏதாவது உடைந்திருக்கும், அல்லது ஒழுகிக்கொண்டிருக்கும், அல்லது பூட்டிக்கொண்டு திறக்காமல் இருக்கும். வேலை பாதியில் நிற்கிற கோபத்தோடு, கட்டட வேலை எடுத்துச் செய்கிற குத்தகைக்காரர்கள் வருவார்கள். எல்லாருக்கும் உடனே வேண்டும். ஆனால் வேண்டிய சாமானுக்குப் பாதிப் பேருக்குப் பெயர் தெரியாது. “அதான் அக்கா, சின்னதா, வட்டமா, நடுவுல ஓட்டையா இருக்குமே” என்று காற்றில் வரைந்து காட்டிவிட்டு, பெரியம்மா எடுத்துக் கொடுப்பதற்குள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

பெரியம்மா யாரிடமும் பதிலுக்குச் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்பார். சுவரில் துளை போட டிரில் பிட் கேட்டு ஒருவர் குதித்தால், “சுவர் கான்கிரீட்டா, செங்கல்லா?” என்பார். குதித்தவர் விழிப்பார். அப்புறம் ஓரமாகப் போய் வீட்டுக்குப் போன் போடுவார். அவர் பேசி முடிப்பதற்குள் பெரியம்மா தமிழில் ஒருவரையும் மலாயில் ஒருவரையும் உடைந்த ஹொக்கியன் சீனத்தில் ஒரு பாட்டியையும் அனுப்பிவைத்திருப்பார். கண் ஒருவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கை பின்னாலிருக்கும் நூற்றுக்கணக்கான டப்பாக்களில் சரியான டப்பாவுக்குப் போகும். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

எனக்கும் வேலை கொடுத்திருந்தார். ஸ்க்ரூக்களை நீளவாரியாகப் பிரித்துப் போடுவது, பல்பு எரிகிறதா என்று சோதித்துக் கொடுப்பது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் அட்டையில் எழுதி மாட்டியதும் நான்தான். அதற்குப் பிறகு கடையின் சட்டதிட்டமே என் கையில் இருப்பதுபோல ஒரு மிதப்பு.

பொறுமையில்லாதவர்களுக்குப் பரிசு கொடுப்பதாக இருந்தால் முதல் பரிசு ஒருவருக்குத்தான் போகும். செம்பவாங்கிலிருந்து வருவார். வீடுகளில் குழாய் வேலை எடுத்துச் செய்கிறவர். ஐம்பத்தைந்து வயதிருக்கலாம். பெயர் தெரியாததால் நானே அவருக்கு அவசரக்கார அங்கிள் என்று பெயர் வைத்திருந்தேன். வேன் இஞ்சினைக்கூட அணைக்காமல் இறங்கி வருவார். வரிசை என்ற ஒன்று அவர் கண்ணில் படவே படாது. எல்லாரையும் தாண்டிக் கையை நீட்டி விரல் முட்டியால் மேசையைத் தட்டுவார்.

“அக்கா, சீக்கிரம் லா! அரை இஞ்சு வால்வு ரெண்டு. டைம் இல்ல எனக்கு.”

பெரியம்மா கொடுத்து அனுப்பிவிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவருக்கு மட்டும் ஏன் முதலில் கொடுக்கிறீர்கள் என்று கேட்டால், “போகட்டும்மா, அவரு நின்னா கடையே ஆடுது” என்பார்.

ஒரு சனிக்கிழமை அவர் வந்து குளியலறையில் பொருத்துகிற கைப்பிடிக் கம்பி வேண்டும் என்றார். முடியாதவர்கள் வழுக்கி விழாமல் பிடித்துக்கொள்வதற்காகச் சுவரில் மாட்டுகிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி.

“ஏதாவது ஒண்ணு குடுங்க அக்கா. எல்லாம் ஒண்ணுதான். நான் போகணும்.”

அன்றைக்குப் பெரியம்மா நகரவில்லை.

“யாரு பிடிக்கப் போறாங்க அண்ணே?”

“வீட்டுலதான். குடுங்க லா.”

“எந்தக் கையால பிடிப்பாங்க?”

மேசையைத் தட்டிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. “எடது கைதான்” என்றார். “வலது கை வராது.”

“உயரம்?”

அவர் உள்ளங்கையைத் தன் தோளுக்குக் கொஞ்சம் கீழே கொண்டுவந்து, அங்கே யாரோ நிற்பதுபோல மெதுவாக நிறுத்திக் காட்டினார். “இவ்வளவு இருப்பா. இப்ப குனிஞ்சுதான் நிக்கிறா.”

பெரியம்மா இரண்டு கம்பிகளை எடுத்து, ஒவ்வொன்றையும் தானே இடது கையால் பிடித்து அழுத்திப் பார்த்துவிட்டு, ஒன்றைக் கொடுத்தார். எவ்வளவு உயரத்தில் மாட்ட வேண்டும் என்று சுவரில் விரல் வைத்துக் காட்டினார். அங்கிள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். மூன்று கேள்வியில் அவரை அடக்கிவிட்டாரே என்று எனக்கு அப்படி ஒரு பிரமிப்பு. அன்று சாயங்காலம் அம்மாவிடம் நடித்தே காட்டினேன்.

இரண்டு வாரம் கழித்து இன்னொரு சனிக்கிழமை. காலையிலிருந்தே மழை. கடை முழுக்க ஈரக் குடைகளும் ஈர மனிதர்களும். பெரியம்மா ஏணியில் ஏறி மேல்தட்டில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். பைப்பை வளைத்து இணைக்கிற எல்போ வாங்க வந்த ஓர் இளவயதுக் குத்தகைக்காரர் ஏணிக்குக் கீழே நின்று கத்திக்கொண்டிருந்தார். “அக்கா, லாரி நிறுத்தக்கூடாத டபுள் எல்லோ லைன்ல நிக்குது. சம்மன் வந்தா நீங்களா கட்டுவீங்க?”

அப்போதுதான் அவசரக்கார அங்கிளைப் பார்த்தேன். வாசலில், வரிசையின் கடைசியில் நின்றுகொண்டிருந்தார். முன்னால் வரவில்லை. யாரையும் தள்ளவில்லை. ஆட்கள் நகர நகர ஒவ்வோர் அடியாக நகர்ந்து என் முன்னால் வந்து நின்றார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் அதே கைப்பிடிக் கம்பி, உறை பிரிக்காமல்.

“இது வேண்டாம்மா” என்றார்.

எனக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. நான் எழுதிய அட்டையைக் காட்டினேன். “அங்கிள், வித்த சாமான திரும்ப எடுக்க மாட்டோம்” என்றேன். குரல் பெரியம்மா குரலைப்போலவே நிதானமாக வந்ததில் எனக்குப் பெருமை.

அவர் சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன். அட்டையை முழுதாகப் படித்துவிட்டு, “சரிம்மா” என்றார். பையை மடித்துக்கொண்டு திரும்பி நடந்தார்.

பெரியம்மா ஏணியிலிருந்து இறங்கிய வேகத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. “எல்லாரும் கொஞ்சம் நில்லுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார். ஏணிக்குக் கீழே நின்ற லாரிக்காரர் “அக்கா! அக்கா!” என்று கத்தினார். பெரியம்மா திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் உயர்த்திக் காட்டினார். கத்தல் நின்றது.

நடைபாதையில் அவர்கள் பேசியது மழைச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. அங்கிள் இரண்டு மூன்று வார்த்தைதான் சொல்லியிருப்பார். பெரியம்மா அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். பிறகு அவர் முழங்கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்து, பெயிண்ட் டின்களுக்குப் பக்கத்தில் இருந்த தன்னுடைய ஸ்டூலில் உட்கார வைத்தார். என்னைத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் சட்டப்படி நடந்தும் என்னைப் பாராட்டவில்லையே என்று எனக்கு உள்ளுக்குள் வருத்தம்.

கடை மறுபடியும் இரைய ஆரம்பித்தது. பெரியம்மா ஒரு பாட்டிக்குப் பூட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். லாரிக்காரர் என்னிடம் வந்து, ஓர் எல்போவைக் கையில் வைத்துக்கொண்டு, “இது சேருமா சேராதா? சொல்லு பாப்பா, சீக்கிரம்!” என்று மிரட்டினார். எனக்கு அழுகை வரும்போல இருந்தது.

“தம்பி” என்றது ஸ்டூலிலிருந்து ஒரு குரல். “அது முக்கால் இஞ்சு. உங்க பைப் என்ன சைஸ்?”

லாரிக்காரர் திரும்பினார். “தெரியல அங்கிள். பழைய வீடு.”

“எந்த ஏரியா?”

“கேலாங்.”

அங்கிள் எழுந்து மேசைக்குப் பின்னால் வந்தார். பெரியம்மா இரண்டடி நகர்ந்து இடம் விட்டார். அங்கிள் ஒரு துண்டுக் காகிதத்தில் பைப்பை வரைந்து, எங்கே அளக்க வேண்டும், பழைய இணைப்பை உடைக்காமல் எப்படிக் கழற்ற வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். லாரிக்காரர் லாரியை மறந்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்து வந்தவருக்குச் சிலிக்கோன் டியூப்பை வெட்டி, அதன் மூக்கை எந்தக் கோணத்தில் வெட்டினால் கசிவு நிற்கும் என்று செய்து காட்டினார். ஒரு சீன அம்மா ஒரே கேள்வியை நான்கு தடவை கேட்டார். நான்கு தடவையும் அவர் மலாயில் சிரித்த முகமாகப் பதில் சொன்னார். இந்த மனிதர்தானா வேன் இஞ்சினை அணைக்காமல் வந்தவர்? அந்த மாதிரி ஒரு பொறுமையை நான் பெரியம்மாவிடம்கூடப் பார்த்ததில்லை. மாலையில் இரும்புக் கதவை இழுத்து மூடும்வரை அவர் போகவில்லை. கதவை இழுத்ததும் அவர்தான்.

அவர் மனைவிக்குப் பக்கவாதம் வந்து ஒரு வருடமாகியிருந்ததையும், அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை என்பதையும், நான் உயர்நிலைப் பள்ளிக்குப் போன பிறகு அம்மாதான் சொன்னார். அங்கிள் வெளியே போகும்போதெல்லாம் பக்கத்து வீட்டு மலாய் அம்மா வந்து துணைக்கு உட்கார்ந்திருப்பாராம். அவரும் எவ்வளவு நேரம்தான் உட்காருவார். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் அங்கிள் வேலையையும் பார்த்து, சாமானும் வாங்கி, செம்பவாங்குக்குத் திரும்ப வேண்டும். கம்பி வாங்கிக்கொண்டு போன மறுநாள், அதைச் சுவரில் மாட்டுவதற்கு முன்பே, மனைவி இறந்துவிட்டார்.

அந்த மழைச் சனிக்கிழமை, கடை மூடிவிட்டுத் திரும்பும்போது எம்ஆர்டியில் எங்களுக்கு உட்கார இடம் கிடைத்தது. பெரியம்மா பின்னால் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

“பெரியம்மா, அந்த அங்கிள் இன்னிக்கு ஏன் அவசரப்படவே இல்ல?”

பெரியம்மா கண்ணைத் திறக்காமல், “இனிமே அவருக்கு அவசரம் இல்லம்மா” என்றார்.

எனக்கு மனம் நிறைந்துவிட்டது. “அப்ப நல்லதாப் போச்சு” என்றேன்.

பெரியம்மா கண்ணைத் திறந்து என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு என் தலையைத் தன் தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன்போல என்று நான் நினைத்துக்கொண்டேன்.